வலப்பக்கம் திரும்பாத டிராக்டர்

ஆவணி பதினான்கு, வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி பன்னிரண்டு நிமிடம். மேகமூட்டம், மழை ஏழு துளி (என் மூக்குக் கண்ணாடியில் விழுந்ததை மட்டும்தான் எண்ண முடிந்தது). என் மகனைப் பட்டு வேட்டி, மாலையோடு எங்கள் நாற்பத்தொரு வயது டிராக்டரின் மட்கார்டில் உட்கார வைத்துக் கல்யாண மண்டபத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். பழைய டிராக்டரில் மாப்பிள்ளை வந்து இறங்குவதுதான் இப்போது மோஸ்தராம். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தேகால் வரை. தூரம் நான்கு கிலோமீட்டர்.

அதன் பவர் ஸ்டீயரிங் எண்ணெய் கக்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் ஏழுமலை அப்போதே சொன்னான்: "உள்ள ஒம்போது ரப்பர் ரிங் கீது சார். மொத்தமா மாத்திடு, தொள்ளாயிரம்தான்." முப்பத்தோரு வருடம் கம்பெனி ஸ்டோர் கீப்பராக இருந்த என்னிடமா? கிழிந்தது ஒன்று. அந்த ஒன்றை மட்டும் வாங்கி நானே மாட்டினேன். வாசலில் ஓட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் ஒற்றை விரலில் திரும்பியது. வலப்பக்கம் அடுத்த வீட்டு மதில் இருந்ததால் பரிசோதிக்கவில்லை. (விஞ்ஞானி!)

மண்டபத்துக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஸ்டீயரிங்கை நான்கு சுற்றுச் சுற்றினேன். சக்கரம் அசையவில்லை. வாழைமரம், மேளம், சம்பந்தி எல்லாரும் எங்களைக் கடந்து பின்னால் போனார்கள்.

"அப்பா, எறங்கி நடந்துடறேன்."

"மாலையோட நடுரோட்ல நடப்பியா? மூணு லெஃப்ட் சேந்தா ஒரு ரைட். கணக்குடா. உக்காரு."

முதல் இரண்டு இடது சரி. மூன்றாவது, சாலை அல்ல. ஒரு தொழிற்சாலையின் சரக்கு வாசல். அது தெரிந்தபோது எங்கள் புகைக்குழாய் தடுப்புக் கட்டையை முறித்திருந்தது. செக்யூரிட்டி ஓடி வந்து பதிவேட்டைத் திறந்தார்.

"லோடு இன்னா?"

"நான் மாப்பிள்ளைங்க," என்றான் மகன்.

அவர் நிதானமாக எழுதினார்: பொருள், மாப்பிள்ளை. எண்ணிக்கை, ஒன்று. "ரிட்டர்னபிளா, நான்-ரிட்டர்னபிளா?"

முப்பத்தோரு வருடப் பழக்கம். "நான்-ரிட்டர்னபிள்," என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ வெளிய போவ முடியாது. அவுட் பாஸ்ல ஆபீசர் கையெழுத்து வேணும். அவரு பத்தரைக்குத்தான் வருவாரு."

முகூர்த்தம் பத்தேகாலோடு சரி. நான் விதிமுறைகளைப் பற்றி ஆறு நிமிடம் வாதாடினேன், அவரும் விதிமுறைக்காரர். மகன் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு மணப்பெண்ணுக்குப் போன் போட்டான்.

ஒன்பது நாற்பதுக்குக் கூரைப்புடவையோடு தன் தம்பியின் பைக்கில் வந்து இறங்கினாள் கவிதா. பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"அண்ணா, தப்பான அட்ரஸுக்கு வந்த சரக்குக்கு எந்த ஆபீசர் கையெழுத்து? கேட்லயே திருப்பி அனுப்பணும். ரூல் புக்க எடுங்க."

செக்யூரிட்டி தலையைச் சொறிந்தார். அவளே பேனாவைப் பிடுங்கிக் காரணம் என்ற கட்டத்தில் எழுதினாள்: 'முகவரி மாறி வந்தது. நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.' மூன்று பேரும் பைக்கில் போனார்கள். நான் நடந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே கால். தாலி பத்து ஏழுக்கே ஏறிவிட்டதாம்.

இன்றைக்கும் மகன் ஏதாவது சொதப்பினால் மருமகள் சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறாள்: "மாமா, உங்க சரக்க ரிட்டர்ன் எடுத்துக்குறீங்களா?" வீடே சிரிக்கிறது. என் பேத்திக்கு வயது இரண்டு, அவளும் சிரிக்கிறாள்.

தடுப்புக் கட்டை பதினெட்டாயிரத்து நானூறு. ஏழுமலை கூலி இரண்டாயிரத்து நூற்றைம்பது. ஒன்பது ரிங், அதே தொள்ளாயிரம். செக்யூரிட்டிக்கு டீ, வடை அறுபது. ஆகமொத்தம் இருபத்தோராயிரத்து ஐந்நூற்றுப் பத்து ரூபாய்.