சம்சயம் மாமா கொடுத்த ஜாமீன்

சம்சயம் மாமா நம்பிய பூட்டு மட்டாஞ்சேரியில் ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் மிளகு ஏற்றுமதி ஆபீசில் அவர் தபால் குமாஸ்தா. ஒட்டிய உறைக்குள் கடிதம் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்து, மறுபடி ஒட்டுவார். சாயங்காலம் படகுத்துறை வரை போய்விட்டு, ஆபீஸ் பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவார். "இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே மாமா?" என்று கேட்டால், "காலம்பற அப்படித்தான் இருந்தது" என்பார்.

எண்பதுகளின் கடைசியில் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதை இயக்க என்னை வேலைக்கு எடுத்தார்கள். கல்யாணமாகி இரண்டு மாதம். அந்த வேலை எனக்கு உயிர். சரஸ்வதி பூஜைக்குக் கம்ப்யூட்டரையும் வைத்தோம். நானே வயரைக்கூடக் கழற்றித் துடைத்து, சந்தனம் பூசிப் பொட்டு வைத்தேன். பூஜை முடிந்த மறுநாள் ஸ்விட்சைப் போட்டால் மூச்சே இல்லை.

கப்பல் காகிதங்கள் மதியத்துக்குள் போயாக வேண்டும். முதலாளி கத்தினார். "பன்னெண்டு மணிக்குள்ள இது ஓடலைன்னா மெஷினும் வேண்டாம், நீயும் வேண்டாம்!"

திருஷ்டி என்றார் கணக்கர். மிளகுத் தூசி என்றார் மேஸ்திரி. நான் அணைந்து கிடந்த கம்ப்யூட்டரின் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

மாமா தன் மேஜை விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கரண்ட் வர்றதோ?"

"ஃபேன் சுத்தறதே மாமா!"

"அது ஃபேனுக்கு வர்ற கரண்டாக்கும்."

சுவரில் விளக்கைச் செருகினார், எரிந்தது. ஸ்டெபிலைசரில் செருகினார், எரிந்தது. திருப்தி வராமல் இரண்டையும் முதலிலிருந்து பார்த்தார். மணி பதினொன்றே முக்கால். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் கம்ப்யூட்டர் வயரை உருவி, பிளக்கை மூக்கருகே கொண்டுபோனார்.

"எந்தாடா இது, மணக்கறது?"

மூன்று பின்னிலும் காய்ந்த சந்தனம்! பக்தியில் ஓர் இடம் விடாமல் பூசியிருக்கிறேன். மாமா பிளேடால் சுரண்டி, வேட்டி நுனியால் துடைத்துச் செருகினார். திரையில் பச்சை எழுத்துகள் ஓடின.

முதலாளி வந்துவிட்டார். "என்ன கோளாறு? இவன் ஏதாவது பண்ணி வெச்சானா?"

"பிளக்குல அழுக்கு. துடைச்சாச்சு."

"நாளைக்கும் இப்படி ஆனா? இவனை நம்பலாமோ?"

"நம்பலாம். நானாக்கும் ஜாமீன்."

பூட்டிய பூட்டுக்கே ஜாமீன் நிற்காத மனிதர் அவர். அன்று சாயங்காலமும் படகுத்துறையிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு வருஷக்கணக்கில் ஒன்றாக வேலை பார்த்தோம்; என்னை மட்டும் அவர் ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்கவில்லை.