ஏழரை நம்பர்

புகழேந்தியின் வலது கால் முக்கால்வாசி ஷூவுக்குள் போய்விட்டது. குதிகால் மட்டும் வெளியே நின்றது. சாம்பார்க் கரண்டியின் காம்பைப் பின்பக்கமாக விட்டு நெம்பினார். கரண்டி வளைந்தது. கால் போகவில்லை.

"அது போன வாரம் வாங்கின கரண்டி," என்றாள் அவர் மனைவி தேவானை.

"கரண்டியைப் பத்திப் பேசாத. ஏழுன்னு போட்டுருந்தான். என் கால் ஏழு. கல்யாணத்தன்னிக்குப் போட்ட செருப்பு ஏழு, நேத்து அறுந்த செருப்பு ஏழு. இது மட்டும் எப்படி ஏழாகும்?"

"கால் பெருத்திருக்கும்."

"எனக்குக் கோவம் வர மாதிரி பேசாத."

அவருக்குக் கோபம் வந்து நான்கு நாட்களாகிவிட்டன. இன்னும் போகவில்லை.

தி. நகரில் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனத்தில் அவர் வெளிவேலை பார்ப்பவர். அடிபட்ட கார்களை நேரில் போய்ப் பார்த்து, எது புது அடி, எது பழைய அடி என்று சொல்ல வேண்டும். வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றலாம், யாரை வேண்டுமானாலும் அதட்டலாம். அவருக்கென்றே செய்த வேலை. அதில்தான் புது மேனேஜர் சித்தார்த்தன் கைவைத்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பெசன்ட் நகர் கடற்கரையில் ஆபீஸ் முழுக்க ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று போன மாதமே அறிவித்திருந்தான். போன வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சொன்னான்: "வெளிவேலைக்கு இனிமே ஃபிட்டா இருக்கறவங்கதான். ஓட்டத்தை முடிக்கறவங்க வெளியில, மத்தவங்க உள்ள. புகழேந்தி சார் பாவம், அவர் ஓட வேணாம். தண்ணி பாட்டில் எடுத்துக் குடுக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். இருபது வருடமாக அவரோடு ஒரே டப்பாவில் தயிர்சாதம் சாப்பிட்ட கஸ்தூரிரங்கன் கூடச் சிரித்தார்.

அன்று மாலையே புகழேந்தி ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினார். சித்தார்த்தனின் நம்பரை பிளாக் செய்தார். பயிற்சிக்காக ஒரு வாரம் லீவு போட்டார். அந்தப் பயலுக்கு முன்னால் ஓடி முடித்து, ஒரு தண்ணி பாட்டிலை அவன் கையில் கொடுக்காமல் ஓய்வதில்லை என்று மேற்கு மாம்பலத்து மொட்டைமாடியில் நின்று முடிவெடுத்தார்.

புது ஷூ காலைக் கடிக்கும், ஒரு வாரத்தில் பழகாது, ஏற்கெனவே ஒருவர் போட்டு நெகிழ்ந்த ஷூதான் சரி என்று எங்கோ படித்திருந்தார். பழைய பொருள் விற்கும் ஆப் ஒன்று தேவானையின் போனில் இருந்தது. அவர் போனிலும் இருந்ததுதான். ஒரு மிக்ஸி விஷயமாக அவர் எழுதிய பதில்களைப் பார்த்து ஆப்காரர்களே அவர் கணக்கை மூடிவிட்டார்கள். அதனால் தேவானை பெயரில் வாங்கினார்.

இப்போது அந்தப் போனைப் பிடுங்கி, 'சென்னைச் சிறுத்தை' என்ற பெயரில் ஷூ விற்ற ஆளுக்கு எழுதினார்.

"ஏழுன்னு சொல்லி ஆறு அனுப்பிருக்க. உனக்கு எண்ணத் தெரியாதா?"

"மேடம், அது யுஎஸ் ஏழு. நம்ம ஊர்க் கணக்குல ஆறு. நாக்குல எழுதியிருக்கும் பாருங்க."

"யார் நாக்குல?"

"ஷூவோட நாக்குல மேடம்."

லேஸுக்கு அடியில் இருந்த பட்டையைப் புரட்டிப் பார்த்தார். அமெரிக்காவுக்கு ஒரு நம்பர், இங்கிலாந்துக்கு ஒரு நம்பர், ஐரோப்பாவுக்கு ஒரு நம்பர். ஒரே ஷூவுக்கு மூன்று பெயர்.

"நான் மேடம் இல்லை," என்று எழுதினார்.

"சரி மேடம்," என்று பதில் வந்தது. பிறகு சிறுத்தை அவரை பிளாக் செய்துவிட்டது.

"அடுத்ததை விசாரிச்சு வாங்குங்க," என்றாள் தேவானை.

"விசாரிக்க என்ன இருக்கு? ஏழு கேட்டா ஆறு வருது. அப்ப எட்டு கேட்டா ஏழு வரும். சின்னப் புள்ளைக்குத் தெரியும்."

எட்டு என்று போட்டு ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ஒருவர் விற்றார். பெயர் 'கூல் பாய்'. பேசி முடித்ததும் கூல் பாய், "நம்பர் அனுப்புங்க மேடம்," என்றார். வீட்டு நம்பரைத்தான் கேட்கிறார் என்று புகழேந்தி, "பழசு 14, புதுசு 8," என்று அனுப்பினார்.

"14 எங்கிட்ட இல்ல மேடம். பழசு அவ்ளோ பெருசா போட்டீங்களா? டாக்டரைப் பாருங்க."

"அது என் வீட்டு நம்பர்."

"ஓகே மேடம். கோவப்படாதீங்க. இதுவும் நல்ல ஷூதான். ஒரு தடவைதான் போட்டேன்."

பார்சலைக் கொண்டுவந்தவன் அமீன். முதல் ஜோடியையும் அவன்தான் பைக்கில் கொண்டுவந்திருந்தான்.

"இன்னா சார், மறுபடியும் ஷூவா? வூட்ல எத்தினி பேரு ஓடறீங்க?"

"குடுத்துட்டுப் போப்பா."

இந்த முறை கால் தடையின்றி உள்ளே போனது. இரண்டாவது கால் வைக்கவும் இடம் இருந்தது. எழுந்து ஹாலில் நடந்தார். கால் சமையலறைக்குப் போய்விட்டது, ஷூ டிவி பக்கத்திலேயே நின்றது.

"நம்ம ஊர் எட்டு," என்று நாக்கைப் படித்துச் சொன்னாள் தேவானை. "இவன் யோக்கியன் போலிருக்கு."

"யோக்கியன் எதுக்கு எனக்கு? நான் யுஎஸ் எட்டுன்னு நினைச்சு வாங்கினேன். யோக்கியனா இருந்தா முன்னாடியே சொல்லணும்."

அதை அப்படியே கூல் பாய்க்கும் எழுதினார். கூடவே அவர் வளர்ப்பைப் பற்றியும் இரண்டு வரி எழுதினார். கூல் பாயும் பிளாக் செய்தார்.

இனி நம்பரே வேண்டாம், சென்டிமீட்டர்தான் என்று முடிவுசெய்தார் புகழேந்தி. தேவானையின் டேப்பை வைத்துக் காலை அளந்தார். திருவான்மியூரில் 'ராகம்' என்ற பெயரில் இருந்தவரிடம், நீளத்தை மட்டும் சொல்லு, வேறு எதுவும் பேசாதே என்று எழுதினார். ராகம் சொன்ன நீளம் அவர் காலைவிட ஒரு விரல்கடை அதிகம். திருப்தியாக வாங்கினார். ராகம் அளந்தது அடிப்பாகத்தை, வெளிப்புறமாக. உள்ளே இருந்த பஞ்சும் மெத்தையும் போக மிச்சமிருந்த இடத்தில் புகழேந்தியின் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

"அளக்கச் சொன்னா வெளியிலயா அளப்ப? வீடு வாங்கினா காம்பவுண்டுலதான் குடியிருப்பியா?"

"மேடம், நீங்கதான் வேற எதுவும் பேசாதன்னீங்க."

கோபம் இரண்டு மடங்கானது. நடுவில் கஸ்தூரிரங்கன் போன் செய்தார். "கிண்டல் பண்ணத்தான் கூப்பிடறான்," என்று கட் செய்தார். மறுபடியும் அடித்தது. கஸ்தூரிரங்கனையும் பிளாக் செய்தார். பிறகு வெறுங்காலோடு மொட்டைமாடியில் ஓடினார். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, சீலிங்கிலிருந்து காரை உதிர்கிறது என்றார். அவரோடும் சண்டை போட்டார்.

"பேசாம கடைக்குப் போய்ப் போட்டுப் பாத்து ஒண்ணு வாங்கிடுங்களேன்," என்றாள் தேவானை.

"இப்ப கடைக்குப் போனா இவனுங்க மூணு பேரும் ஜெயிச்ச மாதிரி ஆயிடும்."

"அவங்களுக்கு அது தெரியவே தெரியாதேங்க."

"எனக்குத் தெரியும்ல."

அவள் போனை வாங்கிப் புரட்டினாள். "ஆனா ஒண்ணு. இந்த வாரம் நம்ம பக்கம் ஷூவா வந்து குவியுது. எல்லாம் புத்தம்புதுசு. ஜனங்க வாங்கறாங்க, ஓடாமயே விக்கறாங்க."

"சோம்பேறிப் பசங்க. எந்த நம்பர் இருக்கு?"

"ஏழரை."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"வேணாங்க," என்றாள் தேவானை. "போயும் போயும் ஏழரையைக் காசு குடுத்தா வீட்டுக்குக் கூட்டிட்டு வருவாங்க?"

"ஆறு பத்தல, எட்டு பெருசு. ஏழரைதான் நியாயமான நம்பர். இந்தத் தடவை நான் ஏமாற மாட்டேன்."

செய்தித்தாள்மேல் நின்று, பென்சிலால் காலைச் சுற்றிக் கோடு போட்டு, தேவானையை வெட்டச் சொன்னார். வெட்டிய காகிதக் காலை அமீனிடம் கொடுத்து, அடையாறிலிருந்த 'மிஸ்டர் எக்ஸ்' வீட்டு வாசலில் சேர்க்கச் சொன்னார். இதை ஷூவுக்குள் வைத்துப் பார், பொருந்தினால் மட்டும் அனுப்பு என்று எழுதினார்.

அமீன் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தான். "சார், இது ஒரு காலுதான் கீது."

"இன்னொண்ணும் அதே மாதிரிதாம்பா இருக்கும்."

"ஒரு பேச்சுக்குக் கேட்டேன் சார்."

மிஸ்டர் எக்ஸ் உடனே பதில் போட்டார்: "கால் கனகச்சிதமா உள்ள போயிடுச்சு மேடம். அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு." ஷூ வந்தது. புகழேந்தி போட்டுப் பார்த்தார். நீளம் சரி, அகலம் சரி. காகிதக் காலுக்கு மேல்பாகம் கிடையாது, புகழேந்தியின் காலுக்கு இருந்தது. லேஸை முழுக்க உருவிய பிறகும் பாதம் பாதி வழியில் சிக்கிக்கொண்டது. வெளியே எடுக்க தேவானை ஷூவைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. ஷூ கழன்று வந்தபோது அவள் அலமாரிமேல் போய் விழுந்தாள்.

"ஏழரை," என்றாள், முழங்கையைத் தேய்த்துக்கொண்டே.

புகழேந்தி மிஸ்டர் எக்ஸுக்கு எழுதியதை இங்கே அச்சிட முடியாது. தேவானையின் கணக்கையும் ஆப்காரர்கள் மூடிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கூல் பாயின் எட்டாம் நம்பரைத்தான் போட்டுக்கொண்டார். உள்ளே மூன்று ஜோடி சாக்ஸ், முன்னால் தேவானையின் பழைய துப்பட்டாவில் கிழித்த இரண்டு உருண்டைகள். பைக்கை பெசன்ட் நகரில் நிறுத்திவிட்டு மணலோரச் சாலைக்கு வந்தார். நடப்பவர்கள் இருந்தார்கள், நாய்கள் இருந்தன. ஆபீஸ் ஆட்கள் ஒருவரும் இல்லை.

அவருக்கு நெஞ்சு நிறைந்தது. அவர்தான் முதல். ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டிய பயல்கள் படுக்கையை விட்டே எழுந்திருக்கவில்லை. காத்திருந்து பார்த்தார். வெயில் ஏறியது. யாரும் வரவில்லை. அதுவும் ஒரு அவமானமாகவே பட்டது. தன்னை இப்படிக் காக்கவைத்துவிட்டுத் தாமதமாக வரும் திட்டமாக இருக்கும். நானே ஆரம்பிக்கிறேன், நானே முடிக்கிறேன் என்று ஓடத் தொடங்கினார்.

ஷூ ஒவ்வோர் அடிக்கும் தட்டுத் தட்டென்று அறைந்தது. நடப்பவர்கள் விலகி வழிவிட்டார்கள். துப்பட்டா உருண்டைகளில் ஒன்று வெளியே வந்து லேஸோடு சேர்ந்து இழுபட்டது. நிற்கவில்லை. சிறுத்தையை, கூல் பாயை, ராகத்தை, எக்ஸை, எல்லாருக்கும் மேல் சித்தார்த்தனை வரிசையாக வாய்விட்டுத் திட்டிக்கொண்டே ஓடினார். திட்டும்போது மூச்சு சீராக வந்தது. போய்த் திரும்பி, முடித்தே விட்டார். முடித்த இடத்தில் கைதட்ட ஓர் ஆள் இல்லை.

ஊரூர் குப்பத்துப் பக்கம் படகு நிழலில் போய் உட்கார்ந்தார். மீன் பையோடு ஒருவர் வந்து குனிந்து பார்த்தார். ஆபீஸ் வாட்ச்மேன் வைரவன். வீடு அங்கேதான்.

"இன்னா சார், இங்க குந்திக்கினு கீறீங்க? மூஞ்சில்லாம் செவந்து கீது."

"எங்கய்யா எல்லாரும்? நான் ஓடியே முடிச்சிட்டேன். சித்தார்த்தன் எங்க? அந்தப் பசங்கள்லாம் எங்க?"

வைரவன் அவர் காலைப் பார்த்தார். இழுபட்டுக் கிடந்த துப்பட்டாவைப் பார்த்தார். மீன் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"மேனேஜருக்குக் காலு பெசகிக்கிச்சுன்னு திங்கக்கெயமையே ஓட்டத்த கேன்சல் பண்ட்டாங்களே சார், அதான் இதுக்குன்னு வாங்கின ஷூவ ஆபீஸ்ல அல்லாரும் ஆன்லைன்ல வித்துக்கினு கீறாங்க, மாம்பலத்துல யாரோ தேவானைன்னு ஒரு அம்மாவாம், திட்டிக்கினே எல்லா நம்பரையும் வாங்கிக்குதாம்."