லேப்டாப்புக்கு வேகம் ஏத்தின வீரன்

சனிக்கிழமை காலையில ஒம்பது நாப்பதுக்கு நான் ஒரு சபதம் போட்டேன். இன்னைக்கு என் பொண்டாட்டி வாயால ஒரு பாராட்டு வாங்காம சோத்துல கை வைக்கறதில்ல. பத்து மணிக்குப் பசிச்சுது. சபதத்தைக் கொஞ்சம் திருத்தினேன். சாப்பிட்டுட்டு வாங்கறது.

நம்ம தொழில் வாஷிங் மிஷின் ரிப்பேர். வெளியில மிஷின் சுத்தும். வீட்ல நான் சுத்துவேன். அவ தொழில் வேற. இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடிச்ச மாதிரியே லேப்டாப்புல படமாக்கறது. சுவத்துல வெயில் விழும், கண்ணாடியில மரம் தெரியும். ஒருதடவ ஒரு படத்துல சோபாவைப் பாத்து, "இதுல உக்காரலாமா?"ன்னு கேட்டேன். "காலைக் கழுவிட்டு உக்காருங்க"ன்னா.

அன்னைக்கு சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள ஒரு கட்டட கம்பெனிக்கு அவ படம் அனுப்பணும். போய்ச் சேந்தா ஒரு வருஷத்து வேலை அவளுக்கு. அஞ்சு தாண்டினா வேற ஆளுக்கு. படம் வரைஞ்சாச்சு. லேப்டாப் கணக்குப் போட்டு வெயிலையும் நிழலையும் ஏத்தணும், அதுக்கு மட்டும் நாலு மணி நேரம். கடைசியா ஒரு அளவு எடுக்கக் கிளம்பினா.

"பன்னெண்டு மணிக்கு வந்துடுவேன். லேப்டாப்பைத் தொடாதீங்க."

"நான் ஏன் தொடறேன்?"

"அதான் எனக்கும் புரியல. மூணு வாரமா அது பக்கத்துலயே சுத்தறீங்க."

மூணு வாரமா நான் ரகசியமா படிச்சுக்கிட்டு இருந்தேன். படிச்சேன்னா, வீடியோ பாத்தேன். லேப்டாப்புக்குள்ள ப்ராசஸர்னு ஒரு மூளை. இவ்வளவு வேகத்துலதான் ஓடணும்னு கம்பெனிக்காரன் அதைக் கட்டிப் போட்டிருக்கான். அதோட அடியில முள்ளு முள்ளா நூத்துக்கணக்குல கால். குறிப்பா ரெண்டு காலுக்கு நடுவுல வெள்ளி மை பேனாவால மயிரிழைக்கு ஒரு கோடு இழுத்தா, போர்டு ஏமாந்து போய் வேகத்தைக் கூட்டிடும். மெமரியையும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்கற மாதிரி மாத்தணும். கட்டுப்பட்டுக் கிடக்கறவனை அவுத்து விடற வேலைன்னா எனக்குத் தனிப் பாசம். ஏன்னு கல்யாணம் ஆனவங்க கேக்க மாட்டாங்க.

துணைக்கு எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கார். அவர்கிட்ட எறும்புக்கு மூட்டு கழட்டற சைஸ்ல ஸ்க்ரூ டிரைவர் உண்டு, பூதக்கண்ணாடியும் உண்டு. பேச்சு மட்டும், கண்ணு டெஸ்ட் பண்ற மாதிரி ஒவ்வொரு எழுத்தா வரும்.

"தம்பி... வீட்ல... கேட்டாச்சா?"

"என் வீட்ல நான் யாரைக் கேக்கணும்?"

"சரி. அவங்க எத்தனை மணிக்கு வருவாங்க?"

"பன்னெண்டு."

"அப்பச் சீக்கிரம் திறங்க."

லேப்டாப்பைக் குப்புறப் போட்டேன். அவர் பூதக்கண்ணாடியை வெச்சுப் பாத்தார்.

"தம்பி, அடி மூடியில ஓட்டை ஓட்டையா இருக்கே."

"எலி கடிச்சிருக்கு."

"எலி ஆறு ஆறா நாலு வரிசை கடிக்குமா?"

"என் பொண்டாட்டி இருக்கற வீட்ல எலிக்கும் ஒழுங்கு வந்துடும்."

இருபத்திநாலு ஓட்டையையும் டேப் போட்டு அடைச்சேன். மூடியைக் கழட்டினா, உள்ள ஃபேனுக்குப் போற செப்புக் குழாய் மேல ஒரு செப்புத் தகடு ஒட்டியிருக்கு. வீடியோவுல அப்படி ஒண்ணு இல்லவே இல்ல.

"முன்னாடி பாத்த மெக்கானிக் மறந்துட்டுப் போயிருக்கான். அரைகுறை!"

"முன்னாடி பாத்தது யாரு?"

"யாரோ ஒரு அரைகுறைன்னு சொல்றேன்ல!"

தகடு குப்பைக்கூடைக்குப் போச்சு. ப்ராசஸரை அலுங்காம தூக்கித் திருப்பினேன். ரெண்டு காலுக்கு நடுவுல சாம்பல் கலர்ல ஒரு கீற்று. எந்த மிஷினைத் திறந்தாலும் முதல்ல சுத்தம் பண்ணிட்டுத்தான் மறு வேலை, அது நம்ம தொழில் சுத்தம். ஸ்பிரிட்டைத் தொட்டு ஒரே தேய். பளிச்!

"தம்பி, அழுக்கு கரெக்டா அந்த ரெண்டு காலுக்கு நடுவுல மட்டும் உக்காருமா?"

"அதுக்கு எங்க உக்காரணும்னு நாமளா சீட்டு போட்டுக் கொடுக்கறோம்?"

அப்புறம் பேனாவை எடுத்தேன். துணி துவைக்கற டிரம்மைத் தூக்கிப் பழகின கை. முதல் கோடு பதினோரு காலை நலம் விசாரிச்சுட்டுப் போச்சு. துடைச்சேன். ரெண்டாவது கோடு நாலு தெரு சுத்திட்டு வீட்டுக்கே வரல. துடைச்சேன். கண்ணாடிக்காரர் பேனாவை வாங்கினார். மூச்சைப் பிடிச்சார். ஒரே இழுப்பு. முடிஞ்சுது.

பழைய மெமரி பட்டை ரெண்டையும் கழட்டிட்டு நான் வாங்கி வெச்சிருந்ததை மாட்டினேன். மூடி போட்டோம். மூணு ஸ்க்ரூ மிச்சம். நம்ம தொழில்ல அது லாபம். ஆன் பண்ணினா, மூடியில கம்பெனிக்காரன் எழுதின வேகம் ரெண்டு புள்ளி ஒண்ணு. ஸ்க்ரீன்ல காட்டறது ரெண்டு புள்ளி எட்டு! கண்ணாடிக்காரரைக் கட்டிப் பிடிச்சதுல அவர் கண்ணாடி கோணிப் போச்சு.

பன்னெண்டு மணிக்கு வந்தா. அளவைத் திருத்தினா. கால் மணி நேரத்துல படத்தை ஓட விட்டா. பரீட்சை ரிசல்ட்டுக்கு நிக்கறவன் மாதிரி நான் பின்னாடி நின்னேன்.

"என்ன, பக்கத்துலயே நிக்கறீங்க?"

"சும்மாதான். லேப்டாப் எப்படி ஓடுது?"

"எப்பவும் போல ஓடுது."

எப்பவும் போலவா! நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ஃபேன் 'கொய்ங்'னு கத்துச்சு. அப்புறம் 'கொய்ய்ய்ய்ங்'னு அழுதுச்சு. ஒண்ணு பத்துக்கு 'டப்'. ஸ்க்ரீன் இருட்டு. படம் ஏறினது அஞ்சுல ஒரு பங்கு.

அவ ஸ்க்ரீனைப் பாத்தா. கடிகாரத்தைப் பாத்தா. என்னைப் பாத்தா. நான் சுவத்தைப் பாத்தேன்.

"என்ன பண்ணினீங்க?"

கண்ணாடிக்காரரைத் துணைக்கு வெச்சுக்கிட்டு வேகம் ஏத்தினதைச் சொன்னேன். திட்டுவான்னு பாத்தேன். திட்டறதுக்கும் நேரம் வேணும்ல. என் டூல் பையை இழுத்து, கேக்காமலே சரியான ஸ்க்ரூ டிரைவரை உருவினா. லேப்டாப்பைத் திருப்பினா.

"இது என்ன டேப்?"

"எலி போட்ட ஓட்டை..."

"அந்த எலி நான்தாங்க. சூடு வெளிய போக ட்ரில் பண்ணினேன்."

நான் டேப்பைப் பிச்சு எடுக்க ஆரம்பிச்சேன்.

"செப்புத் தகடு எங்க?"

"எது... அந்த அரைகுறை மறந்துட்டுப் போன..."

"அந்த அரைகுறையும் நான்தான். சூட்டை இழுக்கத்தான் அதை ஒட்டினேன்."

கூடையைக் கவுத்துத் தகட்டை எடுத்தேன். அவ பேசிக்கிட்டே வேலை பாக்கறா. கை அது பாட்டுக்கு ஓடுது. ரெண்டு வருஷம் முன்னாடியே இதுக்கு வேகம் ஏத்திட்டாளாம். ஒரு ப்ராசஸரை எரிச்சுக் கத்துக்கிட்டு, ரெண்டாவதுல ஜெயிச்சாளாம். மெமரி பட்டையில கம்பெனிக்காரன் எழுதி வெச்ச வேகக் கணக்கையும் அழிச்சுட்டு, இவ கணக்கை எழுதியிருக்கா.

"எனக்குத் தெரியாம எப்பம்மா பண்ணின?"

"ஹால்ல, உங்க எதிர்லதான். நீங்க மேட்ச் பாத்துக்கிட்டு இருந்தீங்க. டார்ச் கூடப் பிடிச்சீங்களே."

ஊர்ல எத்தனையோ மெக்கானிக்கைப் பாத்திருக்கேன். ஸ்க்ரூவை எந்த வரிசையில கழட்டினாளோ அதே வரிசையில பாய்ல அடுக்கினா பாருங்க, எனக்கு எழுந்து நின்னு கை தட்டணும்போல இருந்துச்சு. டார்ச் பிடிச்சிருந்ததால தட்டல.

கடைசியா ப்ராசஸரைத் திருப்பினா. ரொம்ப நேரம் உத்துப் பாத்தா.

"என் கோட்டைத் துடைச்சுட்டு இதைப் போட்டது யாரு?"

"நான்தான்."

"என்னோடதை விட நேரா இருக்கு. அழகா இருக்குங்க."

பதினொரு வருஷத்துல முதல் பாராட்டு! காது ரெண்டும் சூடாயிடுச்சு. செப்புத் தகடு எனக்குத்தான் ஒட்டணும் போல.

அவ மெமரி, அவ தகடு, அவ ஓட்டை, 'என்' கோடு. ஒண்ணரைக்கு லேப்டாப் உயிர் வந்துச்சு. ஏறின வரைக்கும் படத்தை அவ துண்டு துண்டா சேமிச்சு வெச்சிருந்ததால, விட்ட இடத்துலேர்ந்து ஓடுச்சு. நாலு நாப்பத்தஞ்சுக்குப் படம் முடிஞ்சுது. நாலு அம்பதுக்கு அனுப்பினா. நாலு அம்பத்தெட்டுக்குப் போன் வந்துச்சு. திங்கள்கிழமையிலேர்ந்து ஒரு வருஷத்து வேலை அவளுக்குத்தான். நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு ஹால்ல மூணு ரவுண்டு வந்தேன்.

அவ உள்ள போய் இன்னொரு லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தா.

"என் தங்கச்சியோடது. இதே மாடல். வேகம் ஏத்திக் கொடுன்னு ஒரு மாசமா கெஞ்சறா. எல்லாத்தையும் நான் கழட்டித் தரேன், கோட்டை மட்டும் நீங்க போட்டுடுங்க."

"இப்பவேவா?"

"அதே மாதிரி. நேரா."

பேனாவைக் கையில கொடுத்தா. ப்ராசஸரை எதிர்ல வெச்சா. பேனா முனை காத்துல இருந்துக்கிட்டே ஓவியம் வரைய ஆரம்பிச்சுது. அவ பத்து செகண்ட் பொறுமையா பாத்தா. அப்புறம் என் விரலை ஒவ்வொண்ணா பிரிச்சு, பேனாவைத் திருப்பி வாங்கிக்கிட்டா.

"போய்க் கண்ணாடிக்கார அண்ணனைக் கூட்டிட்டு வாங்க. அவர் கோடு போடட்டும், நீங்க டீ போடுங்க. அது கோணலா வந்தாலும் குடிச்சுக்கலாம்."