மாமனார் பல்லுக்குப் போட்ட பாலிஷ்

நாக்குக்கும் நகத்துக்கும் பயந்து பிழைக்கும் தொழில் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது என்னுடையது. போர்சலின் பல் செய்கிறேன். எவ்வளவு அருமையாகச் செய்தாலும், மாட்டிக்கொண்டவர் நாக்கால் ஒரு துழாவு துழாவி, "என்னமோ சொரசொரன்னு இருக்கே" என்பார். அந்த "என்னமோ"வைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேரில் எங்கே பார்த்தாலும் கட்டட வேலை நடந்த காலம். அங்கே ஜங்லிகாட் பகுதியில் ஒரு பல் லேபில் நான் சேர்ந்த புதிது. (தொழிலில் என்னை விஞ்ச ஆளில்லை என்று நினைப்பு வேறு.) எனக்குப் பெண் தர ஒப்புக்கொண்டவர் டைல்ஸ் கான்ட்ராக்டர். நிச்சயதார்த்தம் நெருங்கும் நேரத்தில், தானே பதித்த தரையில் வழுக்கி விழுந்து முன்பல்லைப் பாதியாக உடைத்துக்கொண்டார்.

உயிரைக் கொடுத்து அவருக்குப் புதுப் பல் செய்தேன். நிஜப் பல் கண்ணாடி மாதிரி இருக்காது. உற்றுப் பார்த்தால் முகப்பில் மெல்லிய வரிகள் ஓடும். பக்கத்துப் பல்லைப் பார்த்துப் பார்த்து அதே வரிகளைப் போர்சலினில் கீறி, ஃபர்னஸில் வைத்து மெருகேற்றினேன். கிளினிக்கில் பொருத்தியபோது, எது புதுப் பல் என்று டாக்டரம்மாவே ஒரு நிமிஷம் தேடினார்.

மாமா கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. டைல்ஸைச் சோதிப்பதுபோல் கட்டைவிரல் நகத்தைப் பல்லின்மேல் ஓட்டினார்.

"என்ன தம்பி, கீறல் விழுந்த பீஸை மாட்டிவிடுற?"

"கீறல் இல்ல மாமா, நானே போட்ட வரி. அப்பத்தான் நெஜப் பல்லு மாதிரி…"

"அரே, தரை போட்டுப் போட்டே நரைச்சவன்கிட்ட சொல்றியா? நகம் நிக்கக் கூடாது. ஏக்தம் சிக்னா, வழவழன்னு இருக்கணும். ஒரு பல்லையே ஒழுங்கா பண்ணத் தெரியாதவனுக்கு எதை நம்பிப் பொண்ணைக் குடுக்குறது? மொதல்ல இதைச் சரி பண்ணு. நிச்சயத்தை அப்புறம் பேசலாம்."

பல்லில் வரி இருந்தால் பெண் கிடையாதாம்! டாக்டரம்மாவும் சொல்லிப் பார்த்தார். கேட்டால்தானே? அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பல்லைக் கழற்றி எடுத்துக்கொண்டு லேபுக்குத் திரும்பினேன்.

ஆத்திரம் தீரத் தேய்த்தேன். ரப்பர் சக்கரம், அதைவிட நயமான சக்கரம், மறுபடி ஃபர்னஸ், கடைசியாக வைரத்தூள் பசை. ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். இந்தாய்யா உன் சிக்னா!

மாமா நகத்தை ஓட்டிப் பார்த்தார். "பாத்தியா, சொன்னா வருதுல்ல?" என்றார். (என் தொழிலை எனக்கே கற்றுக்கொடுத்துவிட்டாராம்.)

நிச்சயதார்த்தம் நடந்தது, ஆல்பமும் வந்தது. மாமா சிரித்த படங்களில் எல்லாம் ஃப்ளாஷ் வெளிச்சம் அந்த ஒரு பல்லில் பட்டுத் தெறித்திருந்தது. நாங்கள் மோதிரம் மாற்றும் படத்தில் எங்களை யாருமே பார்க்கவில்லை. பின்னால் நின்றவர் வாயில் லைட் எரிந்தது.

மாமா ஆல்பத்தைப் படாரென்று மூடினார். "யாருய்யா இம்புட்டு பாலிஷ் போடச் சொன்னது? தொழில் தெரிஞ்சவன் பண்ற வேலையா இது?"

சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். இது அடுக்குமா? மாற்றித் தருகிறேன் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "வேணாம், இதுல நகம் நிக்கல" என்கிறார்.

இப்போதும் வீட்டில் கரண்ட் போனால் என் மனைவி இருட்டிலிருந்து குரல் கொடுப்பாள்: "ஏங்க, மெழுகுவத்தி தேடாதீங்க. அப்பாகிட்ட ஏதாச்சும் ஜோக் சொல்லுங்க."

சொல்லமாட்டேன். அந்த மனுஷனைச் சிரிக்கவைக்க நான் பட்ட பாடு போதும்.