கத்தரிக்கோலின் எடை

தையல்காரர் தன் கால்சட்டையின் உட்புறத்தில் ரகசியப் பை ஒன்று தைத்து, துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை அதற்குள் இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி உள்ளே வந்துவிட்டாள்.

"யாரோடது அது?"

"என்னோடதுதான். இளைச்சிட்டேன்ல, பிடிச்சுத் தைக்கறேன்."

முழுப் பொய்யும் இல்லை. புற்றுநோய் வந்த ஐந்து மாதத்தில் பதினோரு கிலோ போயிருந்தது. பசி எடுக்க டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். எடை ஏறாவிட்டால் அடுத்த சிகிச்சையைத் தள்ளிவைப்பார்களாம். அதைக் கேட்டதிலிருந்து மனைவியும் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் இளைத்தால் தாங்குமா?

மறுநாள் வார்டு வாசலில் இருந்த எடை மெஷின் ஒரு கிலோ கூட்டிக் காட்டியது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் தடபுடலாகச் சமைத்தாள். மாத்திரை தந்த பசியோ, செய்த திருட்டுத்தனமோ, அவர் மறுபேச்சு இல்லாமல் தட்டைக் காலி செய்தார்.

வம்பு அடுத்த வாரம் ஆரம்பித்தது. ஏறிய எடை இறங்கக் கூடாதே! கத்தரிக்கோலுக்குத் துணையாகக் கடைப் பூட்டு போனது. அதற்கும் அடுத்த வாரம் பழைய தையல் மெஷினின் சக்கரம். கால்சட்டை நழுவியது, பெல்ட் போட்டார், அதுவும் போதாமல் தோளில் வார் மாட்டினார். நடந்தால் கடகடவென்றது.

"என்னங்க சத்தம்?"

"எலும்புதான். சதை பிடிக்குதுல்ல."

அன்று டாக்டர் குறிப்பேட்டைப் பார்த்து முகம் மலர்ந்தார். "மாத்திரை நல்லா வேலை செய்யுது. ஏறின எடைக்குத் தகுந்த மாதிரி சிகிச்சை மருந்தையும் நாளைக்குக் கொஞ்சம் கூட்டிடலாம்."

தையல்காரர் கால்சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கத்தரிக்கோலுக்கும் பூட்டுக்கும் சேர்த்து மருந்து ஏற்றினால் அனுபவிக்கப் போவது அவர் உடம்பு அல்லவா? ஆனால் பூரித்துப்போயிருந்த மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பயத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது.

அவள் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து, நர்ஸின் மேசைமேல் இரும்பையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"இதைக் கழிச்சிட்டு எழுதிக்கோம்மா. சிகிச்சை தள்ளிப்போனா போகட்டும். வீட்ல நானே பக்குவமா சொல்லிக்கறேன்."

நர்ஸ் சக்கரத்தை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, குறிப்பேட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

"ஐயா, வாசல் மெஷின், நோயாளியோட வர்றவங்க சும்மா ஏறிப் பாக்கறதுக்கு. நாங்க எழுதறது, நீங்க ஆஸ்பத்திரி உடுப்பு மாத்திக்கிட்டுப் படுக்கறீங்களே, அந்தக் கட்டில் காட்டற எடை. அதுலயே ரெண்டு கிலோ ஏறியிருக்கீங்க."