சாரி சொல்லாத சட்ட மேதை

காரும் காரும் லேசாக உரசினால் போதும், எங்கிருந்தோ முளைக்கிற ஓர் இனம் உண்டு. சாலையோரச் சட்ட மேதை! பார்க்காமலா இருந்திருப்பீர்கள்? நம் மேதை பிழைப்புக்கு மெத்தைக் கடை மேலாளர். சட்டப் புத்தகத்தின் அட்டையைத் தாண்டாதவர். அதனாலென்ன? நெளிந்த பம்பரை ஏழு கோணத்தில் படம் பிடித்து, டயர்த் தடத்தைச் செருப்பால் அளந்து, இடித்தவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் முன்பே அவர் காதோரம் குனிந்து, “சாரி மட்டும் சொல்லிடாதீங்க சார்! சொன்னா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி. இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிடுவான்” என்று ஓதிவிட்டுத்தான் நகர்வார்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கே வந்தது சோதனை. வீட்டு வாசலில் வண்டியைப் பின்னால் எடுத்தவர், சிவனே என்று ஓரமாக நின்றிருந்த தன் மச்சானின் புதுக் காரில் விட்டார் ஓர் இடி. டொம்!

மனைவியின் அண்ணன் ஓடி வந்தார், பின்னாலேயே மனைவி. மேதைக்கு ‘சா’ வரை வாயில் வந்துவிட்டது, மென்று விழுங்கினார்.

மச்சான் தங்கமான மனுஷன். “விடுங்க மாப்ள. நானே இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருக்கணும்” என்றார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது! மேதை உள்ளே பாய்ந்து நோட்டும் பேனாவுமாக வந்தார். “மச்சான், இப்ப சொன்னதை அப்படியே எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க.”

மனைவி ஒரு பார்வை பார்த்தாள். “அண்ணே, வண்டிய எடு. நானும் வரேன்.” கதவைச் சாத்துமுன் மேதையிடம் சொன்னாள்: “ஒரு சாரி சொல்ல வாய் வரல இல்ல? வாய் வரும்போது சொல்லியனுப்புங்க, அப்புறம் நான் வரேன்.”

மூன்று நாள் அந்த வீட்டில் பேச்சுத் துணைக்கு ஈ காக்கை இல்லை. வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் மேதை அழுதார்; சும்மா இருந்தபோதும் அழுதார். பாவம், அவள் இல்லாமல் அவருக்கு ஓடவே இல்லை. நாலாம் நாள், பதினொரு முறை அடித்துத் திருத்தி, மனைவிக்குச் செய்தி அனுப்பினார்: “நடந்ததற்கு வருந்துகிறேன். இது என் பொறுப்பை ஒப்புக்கொண்டதாக ஆகாது.”

பதில் பறந்து வந்தது: “செய்தி கிடைத்தது. இது நான் திரும்பி வர ஒப்புக்கொண்டதாக ஆகாது.”

என்ன, சிரிப்பு தாங்கவில்லையா? நேற்று பஸ்ஸில் ஒருவர் காலை நறுக்கென்று மிதித்துவிட்டு, “கொஞ்சம் தள்ளி நிக்கக் கூடாதா?” என்று அவரையே முறைத்தவர் யாராம்? நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டில் விசாரித்துக்கொள்கிறேன்.