உயிரோடிருந்த அப்பாவுக்கு மோடம் வாங்கித் தந்த மாலை

எங்கள் வம்சத்தில் உயிரோடு இருக்கும்போதே துக்க மாலை வந்து சேர்ந்தது என் அப்பாவுக்கு மட்டும்தான். அதற்கு முழுக் காரணம் நான்.

தொண்ணூறுகளின் கடைசி. செங்கம் சாலை வீட்டில் டெலிபோன் லைனில், கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வர, மோடம் மாட்டியிருந்தேன். பெட்டியில் போட்டிருந்த வேகம் ஐம்பத்தாறு கிலோபிட். எங்கள் லைனில் இருபத்தெட்டு வந்தாலே எனக்குத் தீபாவளி. இரண்டு மோடங்கள் இணையும்போது கீச்சென்று கத்துவது இந்த வேகத்தைப் பேசி முடிக்கத்தான். உன்னால் இவ்வளவு முடியுமா என்று ஒன்று கேட்கும். முடியாவிட்டால் இரண்டும் இறங்கி வரும். (கல்யாணப் பேச்சும் அப்படித்தானே.)

AT என்று தொடங்கிச் சரியான கட்டளையைத் தட்டினால் மோடம் பணிவாக OK என்னும். வீட்டில் என் பேச்சைக் கேட்ட ஒரே ஜீவன் அது. வேலூர் நண்பன் ஏதோ கோப்பு அனுப்புகிறேன் என்றதால், ஒரு வியாழக்கிழமை ATS0=1 தட்டினேன். மணி அடித்தால் நீயே எடுத்துக்கொள் என்று அர்த்தம். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து மூன்று மாதமே ஆகியிருந்ததால் ஸ்பீக்கரையும் அணைத்தேன். கடைசியாக AT&W தட்டி, எல்லாவற்றையும் மோடத்தின் நினைவில் எழுதி வைத்தேன்.

மறுநாள் ராகு காலத்துக்கு முன் கீழ்பென்னாத்தூரிலிருந்து போன் வர வேண்டும். அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் பதில். அக்காவுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. வாயால் சொல்லவில்லை, காலையிலிருந்து போனையே துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா கேசரிக்கு ரவை வறுத்து வைத்திருந்தாள்.

போன் ஒரு முறை அடித்து நின்றது. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை.

"இன்னாடா, எடுக்கறதுக்குள்ள நின்னுடுது?" என்றார் அப்பா.

அறைக்கு ஓடினேன். மோடத்தின் விளக்குகள் மினுங்கின. ATZ தட்டினேன். பழைய நிலைக்குத் திரும்பு என்ற கட்டளை.

"சரி பண்ணிட்டேம்ப்பா!"

ஆனால் எந்தப் பழைய நிலை? முந்தின நாள் நானே எழுதி வைத்த நிலை. மூன்றாவது அழைப்பையும் மோடமே எடுத்தது. மோடத்தின் வயரைப் பிடுங்கிப் போட்டேன். அப்புறம் போன் வரவில்லை. அக்கா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

மத்தியானம் ஒரு வேன் வந்தது. மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா. பெரியவர் கையில் ரோஜா மாலை. கதவைத் திறந்தது அப்பா.

பெரியவருக்கு நாக்கு குழறியது. "மூணு தடவ போன் பண்ணோங்க. எடுத்ததும் ஒப்பாரி மாதிரி ஒரே கத்தல், யாரும் பேசல. உங்களுக்கு நெஞ்சுவலின்னு வேற சொன்னாங்க. அதான்..."

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் இருண்டது. "சம்மதம் சொல்ல வேண்டிய நாள்ல சாவு மாலய தூக்கினு வந்துட்டமே. சகுனமே சரியில்லங்க."

மாப்பிள்ளைதான் வாயைத் திறந்தார். "போயிட்டாருன்னு வந்தோம், எதுர்ல நிக்கறாரு. இத விட நல்ல சகுனம் ஏதும்மா?"

சமையலறைக் கதவு திறந்தது. அப்பா மாலையை வாங்கி, நேராகப் போய் மோடத்துக்குப் போட்டார்.

கல்யாணம் நடந்தது. அதன் பிறகு அக்கா வீட்டுக்காரர் போன் செய்தால் ஹலோ கிடையாது. இருக்கிறாரா என்பதை எங்கள் பக்கத்துப் பேச்சில், "மாமா கீறாரா?" என்பார். அப்பா ரிசீவரைப் பிடுங்கி, "கீறேன், கீறேன்" என்று சிரிப்பார். பல வருடம் இது ஓய்ந்தபாடில்லை.

அப்பா நிஜமாகவே போய், காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார். எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும்தான். அம்மா என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள்.

"நான் கீறேன் மாப்ள, சொல்லுங்க" என்றாள்.